பச்சை அடுப்படி

ஆனி 24, திங்கள்

காற்று. காலையிலிருந்து மலை மெட்டுப் பக்கமிருந்து இறங்கி அடிக்கிறது. கொடியில் போட்ட துணியில் பாதி பக்கத்து வீட்டு மொட்டை மாடியில். போய்ப் பொறுக்கி வந்தேன். அவருடைய வேட்டி ஒன்று மட்டும் அகப்படவில்லை. எந்தத் தென்னையில் தொங்குகிறதோ.

கயல் நேற்றுச் சாயங்கால ரயிலுக்குப் போய்விட்டாள். மதுரையில் கல்லூரி. சனி ஞாயிறு மட்டும்தான் எனக்கு மகள். செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்: "ஏம்மா, நீ சாப்பிட்டு நான் பாத்ததே இல்லல்ல?" குத்தலாகக் கேட்கவில்லை. குடை எங்கே என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். இன்று முழுக்க எனக்கு அதே நினைப்பு.

யோசித்தால் உண்மைதான். அவரும், அவரைப் பெற்ற அத்தையும், ஏலக்காய் வாங்க விற்க வருகிறவர்களும் ஹாலில். நான் உள்ளே. எல்லோரும் கை கழுவியபின், அடுப்புக்குப் பக்கத்தில் தரையில், சுவரைப் பார்த்துக்கொண்டு, ஆறிய சோறு. நடுவில் அந்தச் சுவர். சுவரில் ஒரு முழ அகலத்துக்கு ஒரு ஜன்னல். தட்டு போகும், தட்டு வரும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த ஜன்னலில் நான் பார்த்ததெல்லாம் கைகள்தான். மோதிரம் போட்ட கை, நகம் கடித்த கை, சாக்குத் தைத்துக் காய்த்துப்போன கை. முகம் பார்க்காமலே ஆளைச் சொல்லிவிடுவேன்.

முடிவு செய்துவிட்டேன். சுவர் போக வேண்டும். எல்லோரோடும் உட்கார்ந்து, சூடாக, நான் ஒரு வேளை சாப்பிட வேண்டும். அவ்வளவுதான். பெரிய ஆசை ஒன்றும் இல்லை.

இட்லி அரிசி ஊறப் போட மறந்துவிட்டேன்.

ஆனி 26, புதன்

அவரிடம் சொல்லியாகிவிட்டது. சாப்பாட்டுக்கு முன்னால் சொன்னால் எரிச்சல், பின்னால் சொன்னால் கொட்டாவி. அதனால் நடுவில், ஜன்னல் வழியாக, ரசத்தோடு சேர்த்து.

"சுவத்த எடுக்கணுங்க."

கை நின்றது. "எந்தச் சுவத்த?"

"ஒங்களுக்கும் எனக்கும் நடுவுல இருக்குறத."

குனிந்து ஜன்னல் வழியாக என் முகத்தைப் பார்த்தார். அப்படி அவர் குனிந்து பார்த்து எத்தனை காலம் ஆயிற்று. பார்த்துவிட்டுக் கேட்டது: "அப்ப காய் என்னாகுறது?"

அதானே. முதலில் காய்.

ஆனால் நியாயமான கேள்வி. விலை ஏறும்வரை ஏலக்காய்ச் சாக்குகள் ஹாலை ஒட்டிய அறையில்தான் அடுக்கியிருக்கும். ஏலக்காய் பொல்லாத சரக்கு. பக்கத்தில் என்ன வாடை அடித்தாலும் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் இந்தச் சுவர், எப்போதும் சாத்தியிருக்கும் அடுப்படிக் கதவு. வெங்காயம் வதக்கினால் கதவைச் சாத்து. மீன் பொரித்தால் சாத்து. கருவாடு? வீட்டில் காய் இருக்கும்வரை அந்தப் பேச்சே கிடையாது. வீட்டில் காய் இல்லாத நாள் எது? கருவாடு சாப்பிட வேண்டுமென்றால் நான் எங்கள் அம்மா வீட்டுக்கு மலை ஏற வேண்டும்.

"மாடி ரூம் சும்மாதான கெடக்கு. சாக்கெல்லாம் அங்க ஏத்திருவோம்."

"மாடில வெக்கை. கலர் போயிரும்."

"உள்ள சீலிங் அடிப்போம். கறுப்புத் தார்ப்பாய் சுத்துவோம்."

"சாம்பிள் எங்கன பாக்குறது?"

"வாசல்ல பாருங்க."

மோர் கேட்டார். இவர் மோர் கேட்டால் பாதிச் சம்மதம்.

ஆனி 27, வியாழன்

மீதிப் பாதி அத்தையிடம். காலையிலேயே ஆரம்பித்துவிட்டார்கள்.

முதல் ஆட்சேபணை: "வர்றவன் போறவனெல்லாம் எங்கூட்டு அடுப்பப் பாக்கணுமாக்கும்?" பார்க்கட்டும், துடைத்துத்தானே வைத்திருக்கிறேன் என்றேன்.

இரண்டாவது, வாஸ்து. "கெழக்கப் பாத்துத்தான் சமைக்கணும். நீயி ஒன் இஷ்டத்துக்கு அடுப்பத் திருப்புவ."

இதற்காகத்தான் காத்திருந்தேன். ஹால் எந்தப் பக்கம்? கிழக்கு. சுவர் எந்தப் பக்கம்? கிழக்கு. இத்தனை வருஷம் நான் கிழக்கைப் பார்த்துத்தான் சமைத்தேன், குறுக்கே சுவர் இருந்தது. சுவரை எடுத்தால் அதே கிழக்கு, ஆனால் முகங்கள். அடுப்பைத் திருப்பவே வேண்டாம். அத்தை வெற்றிலைக் காம்பையே கிள்ளிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு வந்தது மூன்றாவது. என்னைப் பார்க்காமல், தெருவைப் பார்த்து: "லயத்துல பொறந்தவளுக்கு லயம் மாதிரிதான் வீடு வேணும்."

சுருக்கென்றது. பொய் சொல்வானேன். அம்மாவும் அப்பாவும் மெட்டுக்கு மேலே எஸ்டேட்டில் காய் எடுத்தவர்கள். எஸ்டேட் லயத்தில் குடும்பத்துக்கு ஓர் அறை. அதே அறையில் அடுப்பு, அதே அறையில் படுக்கை. அதனாலேயே ஐந்து பேரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். அந்த வீட்டில் ஆயிரம் குறை. மழைக்கு ஒழுகும், புகை கண்ணைக் கரிக்கும். ஆனால் அம்மா தனியாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

"ஆமா அத்தே. அதேதான் எனக்கு வேணும்" என்றேன்.

சத்தம் போடாமல்தான் சொன்னேன்.

சாயங்காலம் அத்தையே வந்தார்கள். "செய்யிறதச் செய்யி. ஆடி பொறந்துட்டா சுவத்துல கைய வைக்கக்கூடாது. அதுக்குள்ள ஆரம்பிச்சிரு." இது சம்மதமா, கெடுவா? எதுவானாலும் சரி. பாண்டி கொத்தனாருக்குப் போன் போட்டாயிற்று.

ஆனி 30, ஞாயிறு

தூறல். மலை தெரியவில்லை.

காலையில் பாண்டி வந்தார். இரண்டு ஆள், ஓர் இரும்பு கர்டர். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது மேல்பாரம் தாங்குற சுவரு. கர்டர ஏத்தி முட்டுக் குடுத்துட்டுத்தான் ஒடைக்கணும். ரெண்டு நாள் சோலி இழுக்கும்." இழுக்கட்டும். ஆரம்பித்தது ஆனியிலேயே, அது போதும்.

அத்தை வாசலில், எங்களுக்கு முதுகு காட்டி. ஆனால் சூடம் ஏற்றியது அவர்கள்தான். முதல் அடி யார் என்று பாண்டி கேட்டபோது சம்மட்டியை நான் வாங்கிக்கொண்டேன். ஓங்கி ஒன்று. காரை கொஞ்சம் பெயர்ந்தது, தோள்பட்டை நிறையப் பெயர்ந்தது. கயல் போனில் படம் பிடித்தாள். படத்தில் எனக்கு வாய் கோணியிருக்கிறது.

ஜன்னல் முழுசாக, சட்டத்தோடு வந்தது. "இத என்னக்கா செய்ய?"

வெந்நீர் அடுப்புக்குப் போடச் சொன்னேன். நன்றாக எரிந்தது.

"தேக்குடீ! தேக்கு!" இது அத்தை, வாசலிலிருந்து. திரும்பிப் பார்க்காமலே தெரிந்திருக்கிறது.

ஆடி 4, சனி

பின்கட்டில் சமையல். இரண்டு செங்கல், ஒரு பலகை, கேஸ் அடுப்பு. ஆடிக் காற்று அடுப்பைத் தீபம் போல் ஊதி அணைக்கிறது. தகரத்தை மூன்று பக்கமும் நிறுத்திப் பார்த்தேன், தகரம் பறந்தது. சாம்பாரில் சிமென்ட் தூசி. அவர் இரண்டு நாளாகக் கடைப் புரோட்டா. இன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "எப்பத்தான் முடியும்?" என்றார். முடியும்போது முடியும் என்றேன்.

சுவர் இருந்த இடத்தில் இரண்டு மேடை கேட்டிருக்கிறேன். என் பக்கம் அடுப்பு மேடை, நின்று சமைக்கிற உயரத்தில். பாண்டி வழக்கமான அளவைச் சொன்னார். வேண்டாம், என் முழங்கையை மடக்கி நிற்கிறேன், அதற்கு ஒரு சாண் கீழே கோடு போடுங்கள் என்றேன். பழைய மேடை யாரோ நெட்டைக்காரிக்குக் கட்டியது. தோசைக்கல்லில் மாவு ஊற்ற எக்கி எக்கியே பாதி ஆயுசு.

அந்தப் பக்கம், ஹாலைச் சேர்ந்தாற்போல், சாப்பாட்டு மேடை. தாழ்வாக. கயல் படத்தில் பார்க்கிற மாதிரி உயர ஸ்டூல் போடலாம் என்கிறாள். அத்தையின் முட்டி ஏறாது. சாதாரண நாற்காலி உயரம்தான். நாலு பேர் உட்காரலாம். மேலே வெள்ளைக் கல். கறை பட்டால் படட்டும், துடைக்க நான் இருக்கிறேன்.

மறக்காமல் சொல்ல:
கிரைண்டருக்குத் தனி பிளக்.
சிம்னி. நல்லதாக.
வடக்கு ஜன்னல் பெரிதாக வேண்டும். இப்போது இருப்பது பூனை வரத்தான் ஆகும்.
சிலிண்டர் வெளியே.
பருப்பு டப்பாக்களுக்கு இழுப்பறை. கையை உள்ளே விட்டுத் துழாவுகிற அலமாரி இனி வேண்டவே வேண்டாம்.

ஆடி 12, ஞாயிறு

கல் பதித்தாயிற்று. ஜன்னல் வைத்தாயிற்று. என்ன வெளிச்சம். ஹாலின் மூலைவரை போகிறது. மூலையில் இத்தனை நூலாம்படை இருந்தது இன்றுதான் தெரிந்தது.

பெயின்ட். அத்தை மஞ்சள் என்றார்கள், லட்சுமிகரம். கயல் சாம்பல் நிறம் என்றாள், பார்த்தால் மழைக்கால வானம். நான் அட்டையில் ஒரு பச்சையைத் தொட்டேன். தோட்டத்தில் ஏலச்செடிக்கு அடியில் குனிந்து உட்கார்ந்தால் சுற்றிலும் ஒரு பச்சை இருக்குமே, அது. சின்ன வயதில் அம்மா காய் எடுக்கும்போது நான் உட்கார்ந்திருந்த இடம். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. இதுதான் என்றேன்.

பெயின்டர்: "மூணு சுவத்துக்கும் பச்சை சரிக்கா. மேல் தளத்துக்கு வெள்ளதான் அடிப்பாக."

"மேலயும் பச்சையே அடிங்க."

"இருட்டடிக்கும்க்கா."

"ஜன்னல் இருக்குல்ல. அடிங்க."

அடித்துவிட்டார். அழகு. நடுவில் வெள்ளை மேடை, சுற்றிலும் பச்சை. நான் சும்மாவே நாலு தடவை உள்ளே போய் வந்தேன்.

ஆடி 18, சனி

புது அடுப்படியில் முதல் சமையல். ஆடியில் என்ன பால் காய்ச்சுவது என்று நான் தயங்க, பதினெட்டாம் பெருக்குக்குத் தோஷம் கிடையாது என்று அத்தையே நாள் குறித்துவிட்டார்கள். புளிச்சோறு, எலுமிச்சம்பழச் சோறு, தேங்காய்ச் சோறு. காலையில் இட்லி.

அத்தை தாழ்ந்த மேடையில் உட்கார்ந்து தட்டைக் கண் அருகே தூக்கிப் பார்த்தார்கள். "ஏத்தா, மாவு கெட்டுப்போச்சா? இட்லி பாசி புடிச்ச மாதிரி இருக்கு."

"வயசாச்சு அத்தே, கண்ணக் காட்டணும்" என்றேன். கயல் சிரித்துவிட்டாள். அத்தை முறைத்துக்கொண்டே ஆறு இட்லி சாப்பிட்டார்கள். கல்லிலிருந்து நேராகத் தட்டுக்குத் தோசை வரும் என்று தெரிந்ததும் அந்த நாற்காலியை விட்டு நகரவில்லை. அங்கிருந்து டிவியும் தெரிகிறது.

மத்தியானம் நாலு தட்டு வைத்தேன். நாலாவது என்னுடையது. உட்கார்ந்தேன். எலுமிச்சம்பழச் சோற்றில் கை வைத்தேன். வாசலில் ஜீப்புச் சத்தம்.

தங்கராசு அண்ணன். மெட்டுக்கு மேலே சின்னத் தோட்டம். இவருக்கு இளவட்டக் காலத்துக் கூட்டாளி. இந்த வருஷத்து முதல் காய், சாம்பிள் பையோடு. இவர் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். "ராணி, ஒரு காப்பி போடு."

நானும் எழுந்தேன். திரும்பி வந்தபோது அத்தை என் தட்டை மூடி வைத்திருந்தார்கள். ஆறியிருந்தது.

பரவாயில்லை, முதல் நாள்தானே. இப்படித்தான் எழுதி வைக்கிறேன். உள்ளுக்குள் பரவாயில்லாமல் இல்லை.

ஆடி 26, ஞாயிறு

பரவாயில்லாமல் இல்லை. எனக்குக் கோபம் வருகிறது.

அன்றைக்குத் தங்கராசு அண்ணன் காப்பி குடித்த கையோடு சாம்பிளை வெள்ளை மேடையில் கொட்டினார். "என்னா வெளிச்சம் மாப்ளே! ஒன் வீட்டுல இப்பிடி ஒரு எடமா!" அவ்வளவுதான். ஊருக்கே தெரிந்துவிட்டது. இப்போது காலை ஆனால் இரண்டு பேர், மாலை ஆனால் மூன்று பேர். வெள்ளைக் கல்லில் காயைப் பரப்பி, உருட்டி, நகத்தால் கீறி, முகர்ந்து. ஏலம் நடக்கும் நாளென்றால் இன்னும் கூட்டம். என் நாலு நாற்காலியிலும் வியாபாரிகள். அத்தை மட்டும் அவர்களுடைய நாற்காலியைக் கொடுப்பதில்லை.

முன்னாலாவது கதவைச் சாத்திக்கொண்டு இஷ்டத்துக்குத் தாளிக்கலாம். இப்போது, "ராணி, கொஞ்சம் பொறு, காய் இருக்கு." கடுகைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். எண்ணெய் புகைகிறது.

இன்று சிங்க் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டேன். தட்டைக் கையில் ஏந்தி. சுவர் போயிற்று. நான் மட்டும் உள்ளேயேதான் இருக்கிறேன். அழுகை வந்தது. வெங்காயம் என்று சொல்லவும் வழியில்லை, வெங்காயம் அரியக்கூட விடவில்லையே.

அவரிடம் சொன்னேன். "சீசன் முடியட்டும்" என்றார். சீசன் தை வரைக்கும்.

விட மாட்டேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

ஆவணி 5, புதன்

தங்கராசு அண்ணன் மறுபடி. இந்தத் தடவை லோடு, இந்த சீசனில் எங்களுக்கு முதலாவது. நாலைந்து சாக்கு ஜீப்பில். ஒரு சாக்கைப் பிரித்துத் தட்டில் அள்ளி மேடையில் வைத்தார். இவர் இரண்டு தரம் புரட்டிப் பார்த்தார். "பச்சன்னா இது பச்ச. கலர் கொஞ்சங்கூட மங்கல." மறுபேச்சு இல்லாமல் மொத்தமும் வாங்கி மாடிக்கு ஏற்றிவிட்டார். இரண்டு பேருக்கும் முகம் கொள்ளாத சிரிப்பு. அண்ணனுக்குத் தோசை சுட்டேன், நாலு.

தட்டுச் சாம்பிள் மேடையிலேயே கிடக்கிறது.

ஆவணி 6, வியாழன்

வீட்டில் சண்டை. எங்களுக்குள் இல்லை, போனில்.

காலையில் மாடியில் சாக்கைப் பிரித்தார்கள். காய் வெளுத்து, மஞ்சள் ஓடி. ஐந்து சாக்கும் அப்படியே. இவர் படியிறங்கி வரும்போதே போனைக் காதில் வைத்திருந்தார். ஸ்பீக்கரில் போட்டாரா, தானாகவே விழுந்ததா தெரியாது, நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"சாக்க மாத்துவன்னு நான் நெனச்சே பாக்கல தங்கராசு."

"என்னது? மாப்ளே, நீதானய்யா பிரிச்ச? நீதானய்யா தட்டுல பாத்த?"

"பாத்தது வேற காய்."

"சத்தியமா அதே காய்தான்டா. எம் புள்ள மேல..."

"புள்ளைய இழுக்காத." வைத்துவிட்டார்.

அப்புறம் ஹாலில் உட்கார்ந்து சுவரையே பார்த்தபடி. சாப்பிடவில்லை. முப்பது வருஷத்துக் கூட்டாளி. ஒருவர் கல்யாணத்தில் மற்றவர் பந்தி பரிமாறியவர். எனக்கு அந்த அண்ணனைச் சந்தேகப்பட மனசு வரவில்லை. இவரையும் பொய்க்காரர் என்று சொல்ல முடியவில்லை.

ஆவணி 7, வெள்ளி

நல்ல வெயில். வீடு மெழுகும் நாள். மேடையைத் துடைக்கத் தட்டிலிருந்த சாம்பிள் காயை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன், ஒரு டப்பாவில் கொட்டி வைக்கலாமென்று.

வெளியே வந்து குனிந்தால், காய் மஞ்சள்.

வெயிலில் அப்படித் தெரிகிறது என்று நினைத்தேன். நிழலில் நின்று பார்த்தேன். மஞ்சள்தான். தட்டோடு உள்ளே வந்தேன். மேடையில் வைத்தேன். பச்சை. நல்ல, கொழுந்துப் பச்சை. மறுபடி வெளியே. மஞ்சள். மறுபடி உள்ளே. பச்சை. காலையில் மிஞ்சிய இட்லியைக் காய்க்குப் பக்கத்தில் வைத்தேன். பாசி பிடித்த மாதிரி இருந்தது. அத்தையின் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை.

சுவர் பச்சை, மேல் தளம் பச்சை. வடக்கு ஜன்னல் வெளிச்சம் அதில் எல்லாம் பட்டு வெள்ளைக் கல்லில் இறங்குகிறது. ஏலக்காய் வியாபாரி வீட்டில் மூன்று சுவருக்கும் தளத்துக்கும் பச்சை அடித்தது நான்.

ஒரு நிமிஷம் தட்டை மறைத்துவிடலாமா என்று தோன்றியது. தோன்றியதை எழுதிவிடுகிறேன். சொன்னால் இந்த அடுப்படி போயிற்று, மறுபடி சுவர்தான். ஆனால் மலைமேலே அந்த மனுஷன் திருடன் பேர் வாங்கி உட்கார்ந்திருக்கிறார். சோறு இறங்குமா அவருக்கு?

இவரைக் கூப்பிட்டேன். தட்டைக் கையில் கொடுத்து, "வெளிய போயிப் பாத்துட்டு வாங்க."

போனார். வந்தார். போனார். வந்தார். நாலாவது தடவை அத்தையும் பின்னாலேயே நடந்தார்கள். கடைசியில் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

அத்தை: "நாந்தான் அன்னைக்கே சொன்னேனே, இட்லி பாசி புடிச்சிருக்குன்னு. எவ கேட்டா?"

எங்கள் முன்னாலேயே போன் போட்டார். அதற்காக இவரை மெச்சுகிறேன். "தங்கராசு. தப்பு எம்மேலதான். நீ மாத்தல. வீட்டுல... அடுப்படில பச்சப் பெயின்ட் அடிச்சிருக்கு."

அந்தப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு. மெட்டிலிருந்து இறங்கும் லாரி மாதிரி, நிற்காமல். "ஏலக்கா யாவாரி வீட்டுல பச்சப் பெயின்டா! மாப்ளே! நான் அங்க உக்காந்துதான நாலு தோச தின்னேன், எனக்கே தெரியலையே!" சிரித்து முடித்து, மூக்கைச் சிந்தி, "நேத்து முழுக்க சோறு திங்கல மாப்ளே" என்றார்.

இவருக்குக் கண் கலங்கிவிட்டது. காய்க்கு வேறு விலை பேசிக்கொண்டார்கள். அது அவர்கள் பாடு.

ஆவணி 9, ஞாயிறு

எதிர்பார்த்ததுதான். காலையில் பெயின்டர், கையில் வெள்ளை டின். இவர் பின்னால்.

"மொத்தத்தையும் வெள்ளையாக்கிரு. சாயங்காலத்துக்குள்ள வெரசா முடிச்சிரு."

சுவருக்கு முன்னால் போய் நின்றேன். கையில் தோசைக் கரண்டி. மிரட்ட இல்லை, மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"பச்ச இருக்கட்டும்ங்க."

"ராணி, பட்டது போதாதா? இங்கன காய் பாக்க முடியாதுன்னு தெரிஞ்சு போச்சுல்ல?"

"முடியாதுல்ல?"

"முடியாது."

"அப்ப இருக்கட்டும்."

அவருக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. கயலுக்கு உடனே புரிந்துவிட்டது, சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். தோசை கருகட்டும் என்று விட்டுவிட்டுச் சொன்னேன். "இந்தச் சுவத்த நான் காய் பாக்குறதுக்கு எடுக்கல. ஒங்ககூட ஒக்காந்து சோறு திங்க எடுத்தேன். இத்தன வருசத்துல ஒரு நேரம் ஒங்களோட சூடாத் தின்னுருப்பனா? எம் மக நான் சாப்புட்டுப் பாத்ததில்லங்குறா. வெள்ளையடிச்சா நாளைக்கே நாலு பேரு தட்டோட வந்துருவாக. நான் மறுபடி சிங்க்கோரமா நின்னு திங்கணும். வெள்ள வேணும்னா மாடி ரூமுக்கு அடிங்க. அங்கயும் வடக்கு ஜன்னல் இருக்கு. காயும் அங்க, யாவாரமும் அங்க."

இவர் அத்தையைப் பார்த்தார். துணைக்கு.

அத்தை தன் நாற்காலியில். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்: "விடுடா. ஒவ்வொருத்தனும் வந்து குந்திக்கிட்டு எனக்கு ஒழுங்கா ஒரு தோச வர மாட்டேங்குது. மேலயே அடி."

பெயின்டர் டின்னைத் தூக்கிக்கொண்டு படியேறினார். பாவம், அவருக்கு யார் முதலாளி என்றே தெரியவில்லை.

கருகிய தோசையை நானே தின்றேன். நன்றாகவே இருந்தது.

ஆவணி 13, வியாழன்

மாடி வெள்ளை முடிந்தது. ஒரு பழைய மேஜையும் ஏற்றியாயிற்று. பெயின்ட் வாடை போகும்வரை சாக்கெல்லாம் தங்கராசு அண்ணன் ஏற்பாட்டில் வேறு குடோனில். அத்தை சொல்லித்தான் எனக்கே உறைத்தது: வீட்டில் காய் இல்லை. ஒரு பொட்டுக் காய் இல்லை.

சந்தைக்குப் போக வேண்டும்.

ஆவணி 16, ஞாயிறு

காற்று அடங்கிவிட்டது. குரங்கணி மலை துடைத்து வைத்தது போல. துணி அதனதன் இடத்தில். காணாமல் போன வேட்டியைப் பின்தெருக்காரர் கொண்டுவந்து கொடுத்தார், கிழியாமல்.

கருவாட்டுக் குழம்பு. நெத்திலி, கத்தரிக்காய், மாங்காய் ஒரு கீற்று. கதவைச் சாத்தவில்லை. சாத்தக் கதவே இல்லை. தெருமுனை வரைக்கும் வாடை போயிருக்கும். இவர் வாசலிலிருந்தே மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தார். "ராணி, காய்ல ஏறிரும்..." என்று ஆரம்பித்து, காய் எங்கே என்று நினைவு வந்து, கை கழுவப் போனார்.

நாலு தட்டு. அத்தை அவர்கள் இடத்தில். கயல் எனக்கு எதிரே. இவர் பக்கத்தில். பச்சை வெளிச்சத்தில் சோறுகூடப் பச்சையாகத்தான் தெரிந்தது. உட்கார்ந்தேன். ஆவி பறக்கப் பிசைந்தேன். விரல் சுட்டது. கயல் தன் தட்டைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னடி?" என்றேன். ஒன்றுமில்லை என்றாள்.

மூன்றாவது கவளம். வாசலில் ஜீப்பு.

"மாப்ளே! புதுக் காய் கொண்டாந்திருக்கேன். வெரசா வாய்யா, திரும்ப மலை ஏறணும்." தங்கராசு அண்ணன், பையை ஆட்டிக்கொண்டு.

இவர் எழுந்தார். பாதி எழுந்தார். கை வழக்கம்போல வேட்டியில். எனக்கும் கால் தானாகவே நாற்காலியைத் தள்ளியது, காப்பி போட. பழக்கம்.

அப்புறம் அவர் உட்கார்ந்துவிட்டார். வாசலைப் பார்த்துச் சத்தமாக:

"மாடில போயி இரு தங்கராசு. ராணி சாப்புட்டுக்கிட்டு இருக்கா. முடிச்சிட்டு வர்றோம்."

மேலே படியேறும் சத்தம். வெறும் அறையில் நாற்காலி இழுபடும் சத்தம். காத்திருக்கிறார்.

எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. ஆனாலும் சட்டியை இழுத்து இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டேன்.